மேஸ்திரி பொறுக்கும் நேரம்

மூடிய அறைக்கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். விரல் முட்டியால், அவசரமில்லாமல், ஒரே அளவாக. உள்ளே இருந்தது காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய மகள் சிட்டு மட்டும்தான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். தைல வாசனையும் திரைச்சீலை வழியே கசிந்த மழைநாளின் சாம்பல் வெளிச்சமும் அறையை நிறைத்திருக்க, போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் சிட்டு. வேறு யாருமில்லை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். எங்கோ குழாய் அடித்துக்கொள்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு மறுபடி கணினி முன் உட்கார்ந்தாள்.

அவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை அது. ஒரு சின்ன இணையப் பக்கத்தைக் கிளவுடில் ஏற்ற வேண்டும். ஏற்றியதைக் காவல் காக்கும் கருவியை ஆபீசில் எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அந்தப் பக்கத்தின் எத்தனை நகல் ஓட வேண்டும் என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும். அது ஒவ்வொரு நகலையும் ஓயாமல் தட்டித் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வராவிட்டால் கொன்றுவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றை நிறுத்தும். அதற்குக் கோபமும் கிடையாது, துக்கமும் கிடையாது. ஒரு நகல் போதும் என்று அவள் எழுதியிருந்தாள்.

காலையிலிருந்து அந்த ஒரு நகல் எழுவதும் சாவதுமாகவே இருந்தது. சீனியருக்குப் போன் செய்தாள். எழுதியதில்தான் எங்கோ தப்பு, நிதானமாகத் தேடு என்றவர், அவள் குரல் நடுங்குவதைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போய் ஏம்மா அழற? ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துட்டுப் போகுது. பேர் வெச்சு தாலாட்டா பாடப்போற?"

போனை வைத்தபோது மறுபடி தட்டும் சத்தம். இப்போது அறைக்குள் இன்னும் ஆழத்தில், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. பிறகு, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சின்னச் சத்தம்.

கதவு திறந்தது.

"அம்மா, பசிக்குது," என்றாள் சிட்டு.

நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டதே என்று அள்ளி அணைத்தவளின் மூக்கில், உறை பிரித்த புதுப் பொம்மையின் வாசனை ஏறியது. மாடிப்படியில் விழுந்து தையல் போட்ட மோவாய் வழவழவென்றிருந்தது. தழும்பு இல்லை. அறைக்குள் ஓடினாள். படுக்கையில் வியர்வை ஈரம் இன்னும் சூடாக இருந்தது. போர்வைக்குள் யாருமில்லை.

திரும்பியபோது குழந்தை அரைத்தூக்கத்தில் நின்றிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் சுவரில் தட்டும் சத்தம்.

"சொல்லுடி. இருக்கேன்னு சொல்லு," என்று அவள் குழந்தையை உலுக்கினாள்.

"இருக்கேன்."

சத்தம் நின்றது.

யாராக இருந்தால் என்ன, அம்மா என்று கூப்பிடுகிறது. பயத்தில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தூக்கிவந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, கணினி முன் மடியில் வைத்துக்கொண்டு ஃபைலை வரிவரியாகத் தேடினாள். கடைசியில் கண்ணில் பட்டது. பக்கம் கண் விழிக்க எவ்வளவு நேரம் மேஸ்திரி பொறுக்க வேண்டும் என்ற இடத்தில் மிகச் சின்ன எண்ணைப் போட்டிருந்தாள். தூக்கம் கலைந்து வாய் திறப்பதற்குள் செத்ததாக முடிவு கட்டியிருக்கிறது. அவ்வளவுதான். கைதவறல். பெரிய எண்ணாக மாற்றினாள். அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஃபைல் மாறினால் மேஸ்திரி பழையதைத் திருத்தாது. புதியதை எழுப்பி நிறுத்தும். அது நின்றதும் பழையதை முடிக்கும்.

அறைக்கதவு திறந்தது.

வாசலில் சிட்டு. மடியிலும் சிட்டு.

மடியிலிருந்தது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. யாரும் தட்டவில்லை. யாரும் கேட்கவில்லை.

"இருக்கேன்," என்றது. "இருக்கேம்மா. சொல்லிட்டேன்ல. இருக்கேன்."

அவள் இறுக்கிப் பிடித்தாள். அதன் குரல் தேய்ந்தது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

வாசலில் நின்றது பொறுமையாக நடந்து வந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தது. மடியிலிருந்ததைத் தரையில் தள்ளியது. ஏறி, இடம் பார்த்து, வசதியாக உட்கார்ந்துகொண்டது.