மொய்க்கு வந்த வரி

பேராவூரணிப் பக்கத்து ஆடி மாத மொய் விருந்துகளில் இப்போது யாரும் நோட்டை எண்ணுவதில்லை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு செல்போனைக் காட்டினால் போதும். பணம் வந்து விழும்போதே ‘வரவறிவான்’ என்ற அரசு இயந்திரம் அது என்ன வகை வரவு என்று பார்க்கும். வருமானமாக இருந்தால் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் விடும்.

அடைக்கலம் எண்ணெய்ச் செக்கு வாங்குவதற்காக விருந்து வைத்தார். வந்த மொய்யில் கால்வாசியை வரவறிவான் பிடித்துவிட்டது. செக்குக்கு முன்பணம் கட்டியாயிற்று. மீதியைக் கட்டாவிட்டால் அதுவும் போய்விடும். அவர் மனைவி கனகவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அடைக்கலம் விடவில்லை. செல்போனில் அந்த இயந்திரத்தோடே மல்லுக்கு நின்றார். இது சும்மா வந்த பணம் இல்லை, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது போய்த் திருப்பிச் செய்தே ஆகவேண்டும் என்று விளக்கினார்.

“அப்படியானால் இது கடனா?” என்றது வரவறிவான்.

“கடன்தான். மொய் வாங்கிட்டு ஏமாத்துனவன் எங்க ஊருல கிடையாது.”

மறுநாள் பிடித்த பணம் முழுவதும் திரும்பி வந்தது. செக்கும் வந்தது. சுற்றுவட்டார மொய் அத்தனையும் இனி கடன் என்று பதிவானது. டீக்கடையில் அடைக்கலத்தைக் காசு கொடுக்க விடவில்லை. டெல்லிக்கே பாடம் எடுத்த ஆள் என்று கேலி பேசினார்கள். அவருக்கு அதிலும் பெருமைதான்.

அடுத்த ஆடியில் பங்காளி வைரக்கண்ணு விருந்து வைத்தார். அழைப்பு போன அன்றே, அவரிடம் மொய் வாங்கியிருந்த எல்லோர் கணக்கிலிருந்தும் வரவறிவான் பணத்தை எடுத்து அவருக்குச் சேர்த்துவிட்டது. கடன் என்றால் வசூல் செய்யத்தானே வேண்டும்.

விருந்தன்று அண்டா நிறையக் கறி. பந்தலில் ஆள் இல்லை. போன் போட்டால், அதான் கட்டியாச்சே, இன்னும் எதுக்கு வரணும் என்று கேட்டார்கள்.

அடைக்கலம் மட்டும் வந்தார். ஒற்றை ஆளாக இலையில் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் இடது கையால் புதிதாக ஆயிரம் ரூபாய் அனுப்பினார். பழைய கடன் தீர்ந்த பிறகும் வந்த பணம் என்பதால், வைரக்கண்ணுவின் செல்போனில் வரவறிவான் இது கடனா, வருமானமா என்று கேட்டது.

“கடன்னு அமுக்கிறாத பங்காளி. அப்புறம் என் வீட்டுக்கு நீயும் வரமாட்டே.”

“வருமானம்னா கால்வாசி போயிருமேய்யா.”

“போகட்டும். மிச்சம் நம்மளுது.”

வைரக்கண்ணு ‘வருமானம்’ என்று அமுக்கினார். இருநூற்றைம்பது ரூபாய் அரசாங்கத்துக்குப் போனது. அவர் கரண்டியை எடுத்து, பங்காளியின் இலையில் நல்லி எலும்பாகப் பார்த்து வைத்தார்.