தகுதியற்ற குரல்களின் கிடங்கு

"தகுதி இல்லை. குரல் ஒதுக்கப்பட்டது" என்றது கதவு.

ரெஜினா பர்னாந்து காலையிலிருந்து அந்தப் பதிவறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிலவின் தென்முனையில் இருந்த அந்த ராணுவ முகாமில் கதவு, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாமே 'தகுதிக்காவலன்' என்ற இயந்திரத்துக்குக் கட்டுப்பட்டவை. மணிக்கட்டுத் தோலுக்கடியில் தகுதிக்கீற்று உள்ளவர்கள் பேசினால்தான் அது காது கொடுக்கும். ரெஜினா விபத்துகளைத் துப்பறிகிறவள். விபத்து விசாரணை ஆணையம் அனுமதி தருவதற்குள் கப்பலேறிவிட்டதால், கீற்று என்ன, ஒரு துண்டுச் சீட்டுகூட அவளிடம் இல்லை.

ஹவில்தார் இருளாண்டியும் சிப்பாய் தாவீதும் ஒரு நிலவூர்தியோடு காணாமல் போயிருந்தார்கள். உதவி கேட்டு அழைப்பு எதுவும் வராததால், ஓடிப்போனவர்கள் என்று முகாம் முடிவு கட்டிவிட்டது. ஓடிப்போனவர்களை யாரும் தேடப்போவதில்லை.

கதவைத் திறந்துகொண்டு கர்னல் நாச்சிமுத்துவே வெளியே வந்தார்.

"உங்ககிட்ட அதிகாரப் பத்திரம் இல்லீங்கம்மா. பதிவுகளைக் காட்ட எனக்கு வழியில்ல. அடுத்த கப்பல்ல கிளம்பிருங்க."

"நிலாவுல எங்க சார் ஓடிப்போவாங்க?"

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காலையிலிருந்து இந்தக் கதவிடம் அவள் கத்தியதெல்லாம் எங்கே போயிற்று?

"சார், அடுத்தவங்க பதிவு எனக்கு வேண்டாம். நான் பேசினதை நானே கேட்கலாம்ல?"

கர்னல் யோசித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. "இவங்க குரலை இவங்களுக்குப் போடு" என்று இயந்திரத்துக்கு ஆணையிட்டார்.

ஒதுக்கிய குரல்களையெல்லாம் காவலன் ஒரே கிடங்கில் போட்டு வைத்திருந்தது. தகுதியில்லாதவர்களில் யார் யாரென்று பிரித்தறிய அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் ரெஜினாவின் வசவுகள் ஒலித்தன. அவற்றுக்கும் முன்னால் பதிவான ஓர் ஆண்குரல், இருமலோடு, அடுத்து வந்தது.

"இருளாண்டி பேசுறேன். சூரியப் புயல்ல எங்க கீற்று ரெண்டும் செத்துப்போச்சு. அணைச்ச வண்டி திரும்ப எங்களுக்குக் கிளம்பமாட்டேங்குது. கிழக்குப் பள்ளத்துல கிடக்கோம். தாவீது மூச்சுக்குத் திணறுறான். ஏன் சார் யாருமே பதில் சொல்லமாட்டேங்கிறீங்க?"

கர்னல் ஒலிபெருக்கியை நெருங்கி நின்றார்.

"இது நான் காலையில கத்த ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பேசினது. இன்னும் உயிரோட இருப்பாங்க, சார்" என்றாள் ரெஜினா.

கர்னல் வேறு யாரையும் அனுப்பவில்லை. புயல் ஓயாத வெளியில் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒதுக்கிய குரல்களை இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த அந்த ஒலிபெருக்கியை விட்டு ரெஜினா அசையவில்லை. வெகுநேரம் இரைச்சல் மட்டுமே வந்தது. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல்:

"நாச்சிமுத்து பேசுறேன். ரெண்டு பேரையும் கொண்டுவந்துட்டேன். கதவைத் திறங்க!"

முகாமின் வெளிக்கதவு திறக்கவில்லை. ரெஜினா காவல் அறைக்கு ஓடினாள். அங்கே லெப்டினன்ட் இளவழகன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கர்னல் இன்னும் கூப்பிடலையே, மேடம்."

"வெளிய நின்னு கத்திட்டிருக்காருப்பா! அவர் கீற்றும் போச்சு!"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவு அவன் கீற்றுக்குத் திறந்தது. உள்ளே விழுந்த மூவரில் தாவீதுதான் முதலில் சிரித்தான்.

புதுக்கீற்று அடுத்த கப்பலில்தான் வரும். மறுநாள் கர்னல், திரும்பி வந்தபின் தன் முதல் ஆணையை ஒலிபெருக்கியில் சொன்னார்: இனி ஒதுக்கிய குரல்களை எந்நேரமும் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். காவலன் அந்த ஆணையையும் ஒதுக்கியது.

வேறு வழியின்றி அவர் அறை அறையாக நடந்து, ஒவ்வொருவரிடமும் அதை வாயால் சொன்னார். சிப்பாய்கள் எழுந்து நின்று கேட்டார்கள். சிலர் பதிலுக்கு, இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். மாலைக்குள் கர்னலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கப்பல் வந்து இறங்கிய பிறகும், புதுக்கீற்றை வாங்கிக்கொள்ள அவர் அவசரப்படவில்லை.