பின்பக்கம் பென்சிலால் எழுதிய பெயர்

1813-ஆம் வருடம் அமெரிக்கா பிரிட்டனோடு நடத்திய போரில் நான் ஒன்பது நாள் லெப்டினன்டாக இருந்தேன். இப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் மைத்துனன் டுவைட்டும் சிரித்தான்.

அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட படை நியமன ஆணைகளைச் சேகரிப்பது, ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம். எல்லாம் தோலில் அச்சடித்தவை. ஜனாதிபதி கட்டுக்கட்டாக வெற்று ஆணைகளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதிகாரியின் பெயரைக் குமாஸ்தா பிறகு நிரப்புவான். பெயர் நிரப்பாமல் தப்பிய ஒன்றுக்காக நான் ஏழு மாநிலங்களை முழங்காலால் தவழ்ந்தே கடந்திருப்பேன்.

அது ஜூலையில், அந்தப் போர் நடந்த துறைமுக ஊரான சாக்கெட்ஸ் ஹார்பரில், திருமதி லூமிஸ் என்ற விதவையின் கல்வீட்டில் கிடைத்தது. உள்ளே ஈரக் கம்பளியும் வெடிமருந்தும் கலந்த வாடை. வெளியே வெயில் கொளுத்தியது; ஜன்னல் கண்ணாடியில் மட்டும் பனி பூத்திருந்தது.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க, மிஸ்டர் புரூயிட்," என்று கிசுகிசுத்தாள். "அதுல எதையும் எழுதிடாதீங்க. என் வீட்டுக்காரர் எழுதினார்."

"அதுல போய் யாராவது மையால எழுதுவாங்களாம்மா?" என்று சிரித்தேன்.

மையால் எழுதவில்லை. சேகரிப்பவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் பின்பக்க மூலையில், பென்சிலால், பொடியாக, 'ஆரின் புரூயிட்'.

காலையில் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பெயர் முன்பக்கம், 'லெப்டினன்ட்' என்ற சொல்லுக்கு அடுத்த காலியிடத்தில் இருந்தது. பழுப்பு மையில். இன்னும் காயாமல்.

நண்பகலில் முரசு கேட்டது. கண் இமைத்தேன், பனியில் நின்றேன். முன்னால் முகம் திருப்பாத மனிதர்களின் வரிசை. ஒருவர் மட்டும் திரும்பினார். நைலான் சட்டை, மூக்குக்கண்ணாடி. திருமதி லூமிஸின் கணவர்; அவள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கியவர்.

"ஒரு நிமிஷம் நாற்காலியில நீங்க இல்லங்க," என்றாள் என் மனைவி லோர்னா.

மறுநாள் பத்து நிமிடம். அதற்கடுத்த நாள் அரை மணி. ஒரு நாள் திரும்பவே மாட்டேன் என்பது இருவருக்கும் புரிந்தது.

கத்தியால் பெயரைச் சுரண்டினேன். என் முதுகில் ரத்தம் வந்தது. அடுப்பில் போட்டேன், அடுப்பு அணைந்தது. நானூறு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஆணையின் கடைசி வரி என்னைப் பார்த்துப் பல்லிளித்தது: 'ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரை பணியில்.' செத்து மண்ணாகிப்போன மனிதரின் விருப்பத்தை யாரிடம் போய் மாற்றச் சொல்வது?

எட்டாம் நாள் ஆறு மணி நேரம். கால்விரல்கள் கறுத்துவிட்டன.

ஒன்பதாம் நாள் காலை டுவைட் வந்தான். பழைய பத்திரங்கள் அசலா போலியா என்று சொல்வதில் சூரன்.

"மச்சான், போலி! உங்க பேரை எழுதி எவனோ உங்களையே ஏமாத்தியிருக்கான். முரசாம், பனியாம்! அக்கா, இவருக்குக் காப்பியில என்னத்தைக் கலந்து குடுக்குற?"

"போலின்னா, பின்னாடி 'போலி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நீ எப்பவும் போடுறதுதானே?" என்றேன்.

"வேணாங்க," என்றாள் லோர்னா, மூச்சுக்குள்.

பென்சிலை நீட்டியது நான்தான். ஒளிப்பானேன்?

அவன் எழுதினான். நண்பர்களிடம் காட்டிச் சிரிக்க வேண்டும் என்று சுருட்டி எடுத்துப் போனான். அன்று நண்பகலில் முரசு எங்கோ தூரத்தில் ஒலித்தது. நான் நாற்காலியிலேயே இருந்தேன். லோர்னா என் கையை விடாமல் அழுதாள். அழுதது எனக்காகவா, தம்பிக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டு நாள் கழித்து, நேற்று, கதவு தட்டப்பட்டது.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஆகஸ்ட் வெயிலில், மீசையெல்லாம் பனி உறைந்து, டுவைட் நின்றான். ஒரு கையில் அந்தத் தோல். மறு கையில் என்னை நோக்கி நீட்டிய பென்சில்.

அவனுக்குப் பின்னால் முரசு.

"நடந்ததுதான் மச்சான்," என்றான். "நீங்க சொன்னது அத்தனையும் நடந்ததுதான். கதவைத் திறங்க."