மஃரிப் நேரத்தில் திறந்து கிடந்த குழாய்

லொறி ஓடவில்லை. சாவி நளீமின் சட்டைப்பையில் கிடந்தது. பற்றரியை அவன் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டான். ஆனாலும், வெட்டிப்போட்ட பில்டர் கடதாசித் துண்டொன்று, எஞ்சின் காற்றிழுக்கும் குழாயின் வாயருகே பறந்து வந்ததும் சட்டென்று உள்ளே இழுபட்டுப் போனது.

கடற்காற்றின் வேலை என்று நினைத்துக்கொண்டான். சாய்ந்தமருதில் காற்றுக்கா பஞ்சம்? அவனைவிட வயது கூடிய அந்த லொறியில், எண்ணெய்க் கிண்ணம் வைத்த பழைய எயார் கிளீனரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடதாசி பில்டர் பூட்டவேண்டும் என்று கொஞ்ச நாளாக அவனுக்கொரு பைத்தியம். இன்று பழையதைக் கழற்றியதில் குழாயின் வாய் திறந்து கிடந்தது. "பெத்த புள்ளையவிட லொறிக்குத்தான் கூட வைத்தியம் பாக்காரு" என்று மனைவி றம்லா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இன்று அவள் மருதமுனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளே பாயில், ஐந்து வயது மகள் நுஸ்ரத் முட்டு வருத்தத்தோடு மூச்சு இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்ததும் றம்லாவிடமிருந்து போன் வந்தது.

"புள்ளைக்கு முட்டு எப்பிடி இரிக்கி?"

"மருந்து குடுத்திரிக்கன். படுத்திரிக்கா."

"ஜன்னலச் சாத்துங்க. பாத்திரமெல்லாம் மூடிட்டீங்களா? ஷைத்தான் உள்ளுக்குப் பூருற நேரம். வாய் திறந்து ஒண்டும் கிடக்கப்படா."

"ஓம், எல்லாம் மூடியாச்சி."

பொய்யில்லை. சோற்றுப்பானை, தண்ணீர்க் குடம், பிள்ளை குடித்து வைத்த கோப்பைகூட மூடியிருந்தது. போனை வைத்த பிறகுதான் லொறியின் நினைவு வந்தது. அந்தக் குழாய் பாங்குக்கு முன்பிருந்தே திறந்து கிடந்தது. இரும்புக்கு எதற்குப் பாத்திரக் கணக்கு என்று தன்னையே ஏசிக்கொண்டு டோர்ச்சோடு முற்றத்துக்கு வந்தான்.

கருகிய ஒயில் வாடையும் ஈர மணல் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடிக்க, தென்னோலைகளின் சலசலப்புக்கும் தூரத்துக் கடலின் இரைச்சலுக்கும் அடியில், பொனட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே இழுத்தது. கொஞ்சம் நின்றது. கீச்சென்று வெளியே விட்டது. மகளின் நெஞ்சில் காது வைத்துப் பல இரவுகள் அவன் கேட்ட சத்தம்.

நுஸ்ரத்தின் முட்டு.

வீட்டுப் பக்கம் காது கொடுத்தான். அங்கே மூச்சுச் சத்தமே இல்லை.

ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்திருக்கவேண்டும். பயம் புத்தியை முந்திவிட்டது. கையில் அகப்பட்ட தகட்டை எடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று குழாயின் வாயை அமுக்கி மூடினான்.

தகடு ஒட்டிக்கொண்டது. சத்தம் நின்றது.

"வாப்பா."

தகட்டுக்கு அடியிலிருந்து.

"மூச்செடுக்கேலா வாப்பா."

நளீம் தகட்டை இழுத்தான். வரவில்லை. நெம்பினான். நகம் பிய்ந்தது. உள்ளேயிருந்து சின்ன விரல்கள் தட்டின. வேகமாக. பிறகு மெல்ல.

"மகள்! வாப்பா திறக்கன் மகள்!"

தகடு அசையவில்லை.

பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. வாசற்படியில் நுஸ்ரத் நின்றாள். முட்டு இல்லை. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

தகட்டின் கீழே தட்டல் ஓய்ந்தது.

அவனைப் பார்த்தபடி அவள் வாயைத் திறந்தாள். இன்னும் திறந்தாள். உள்ளிருந்து கருகிய ஒயில் வாடையோடு கரும்புகை வந்தது. நின்றது. மறுபடி வந்தது.