மாடு விரட்டும் பேட்

காகிதத்தில் எட்டுப் பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

யுலேய்சி அங்கே முதலில் ‘வாஸ்கர்’ என்று எழுதினாள். அழித்தாள். ‘தாரியெல்’ என்று எழுதினாள். அதையும் அழித்தாள். மறுபடி வாஸ்கர். மறுபடி தாரியெல். ஐந்தாவது முறை அழித்தபோது காகிதம் கிழிந்து, மேசையின் பச்சைப் பெயிண்ட் எட்டிப் பார்த்தது.

அவளுக்கு வயது பதினொன்று. போன மாதம் மாமரத்திலிருந்து விழுந்ததில் வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதினால் எழுத்துகள் எல்லாம் காற்றில் ஆடும் கரும்புபோலச் சாய்ந்தன. கை உடைந்தவள் பேஸ்பால் ஆட முடியாது. ஆனால் மேனேஜராக இருக்கலாம் என்று அப்பாதான் சொல்லிவிட்டார்.

உண்மையில் அணியின் மேனேஜர் அப்பாதான். ஆனால் இது கரும்பு வெட்டும் காலம். அப்பா ஃபெர்மின், ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் ரயிலை ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகூட அவருக்கு விடுமுறை கிடையாது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பக்கத்துக் குடியிருப்பான செய்பாவோடு ஆட்டம். ஜெயிப்பவர்கள் அடுத்த வாரம் சான் பெத்ரோ நகரத்துக்குப் போய்ப் பெரிய மைதானத்தில் ஆடலாம். அங்கே தரை முழுக்கப் புல்லாம். யுலேய்சியின் அணியில் யாரும் புல்லில் ஆடியதில்லை.

வாஸ்கர் நான்கு வருடமாக நடுக்களத்தில் நின்று பந்து பிடிப்பவன். அடுத்த மாதம் அவனுக்குப் பதின்மூன்று பிறக்கிறது. அதற்குப் பிறகு சிறுவர் அணியில் இடமில்லை. யுலேய்சி மரத்திலிருந்து விழுந்த அன்று, அவளைச் சிமெண்டு அள்ளும் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

ஆனால் ஆறு மாதத்தில் அவன் மடமடவென்று வளர்ந்துவிட்டான். கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. எல்லோரும் ‘கொக்கு’ என்று கூப்பிட்டார்கள். வளர்ந்ததிலிருந்து பந்து அவன் பேட்டில் படவே இல்லை. ஏழு ஆட்டம், ஒரு அடிகூட இல்லை. போன வாரம் தன் காலே தடுக்கி விழுந்து, கைக்கு வந்த பந்தையும் விட்டுவிட்டான்.

தாரியெலுக்கு ஒன்பது வயது. பட்டப்பெயர் ‘பல்லி’. எந்தப் பக்கம் பந்து போனாலும் சுவரில் ஓடும் பல்லிபோல ஓடிப் பிடித்துவிடுவான். பேட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

“அப்பா, நீங்களே சொல்லிடுங்களேன். யாரை எழுதட்டும்?”

அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். “சொல்லிடுவேன். நாளைக்குத் தோத்தா அப்பாவாலன்னு சொல்லுவே. ஜெயிச்சா என்னாலன்னு சொல்லுவே. எனக்கு என்ன லாபம்?”

“அப்பா!”

“மேனேஜர்னா வயித்தைக் கலக்கும்மா. எனக்கும் கலக்கும். போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா.”

*

வெளியே தெருவில் பையன்கள் மூடி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரிய தண்ணீர்க் கேனின் மூடிதான் பந்து. மாப் கட்டைதான் பேட். மூடி நேராக வராது. வளையும், நெளியும், திடீரென்று கீழே இறங்கும்.

யுலேய்சி கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தாள்.

வாஸ்கர் மாப் கட்டையோடு நின்றான். மூடி வந்தது. டக்! கூரைக்கு மேலே போயிற்று. அடுத்தது. டக்! அதுவும் போயிற்று.

“டேய் கொக்கு, மூடி தீர்ந்துபோச்சுடா! தண்ணி கேனை எல்லாம் திறந்தேதான் வைக்கணும்போல!” என்று யாரோ கத்தினார்கள்.

யுலேய்சிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ‘சின்ன மூடியை அடிக்கிறான். பெரிய பந்தை அடிக்க முடியாதா? வேண்டுமென்றே செய்கிறானா?’ பிறகு அந்தக் கோபத்துக்கு அவளே வெட்கப்பட்டாள். ஏழு ஆட்டமாக வேண்டுமென்றே யாராவது தலைகுனிந்து திரும்பி வருவார்களா?

அவன் அடித்துவிட்டு ஓடும்போது மாப் கட்டையைக் கீழே போட்டான். யுலேய்சி அதை எடுத்துத் தன் மாவுக்கட்டை வைத்து அளந்தாள். ஐந்து மாவுக்கட்டு நீளம். சுவரோரம் வாஸ்கரின் பேஸ்பால் பேட் சாய்ந்திருந்தது. ஒன்பது வயதில் வாங்கியது. அவன் அடித்த எல்லா ஹோம் ரன்னும் அதில்தான். அதை யாரையும் தொடவிடமாட்டான்.

அவன் பார்க்காத நேரத்தில் அதையும் அளந்தாள். மூன்று மாவுக்கட்டுகூட இல்லை.

அவளுக்குள் ஏதோ பளிச்சென்றது. செய்பாக்காரர்கள் வாஸ்கருக்கு எப்போதும் தாழ்வாகத்தான் பந்து போடுவார்கள். முழங்காலுக்கு நேராக. அவன் ஓங்கி வீசுவான். பேட் பந்துக்கு மேலே போய்விடும். ஆள் வளர்ந்துவிட்டான். பேட் வளரவில்லை.

அவள் வீட்டுக்கு ஓடினாள்.

“அப்பா, உங்க பழைய நீளமான பேட் எங்கே?”

“எஞ்சின்ல இருக்கு. தண்டவாளத்துல மாடு படுத்துக்கிட்டா, அதைக் காட்டித்தானே விரட்டுறேன்.”

“நாளைக்கு ஒரு நாள் எனக்கு வேணும்.”

“அப்போ மாட்டுக்கு நான் என்ன பண்றது?”

“ஹாரன் அடிங்க.”

“அந்த வெள்ளை மாடு ஹாரனுக்கெல்லாம் எந்திரிக்காதும்மா. அதுக்குப் பாட்டுன்னு நெனைப்பு.” சொல்லிக்கொண்டே அப்பா கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு பேட்டை எடுத்துவரப் போனார்.

*

ஞாயிறு காலை யுலேய்சி ஒன்பதாவது பெயரை எழுதினாள். ஓட்டைக்குப் பக்கத்தில், சின்னதாக: தாரியெல்.

நீளமான பேட் கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் நடுக்களத்தில் பந்தைப் பிடிக்க வேண்டுமே. இன்றைக்கு ஓடிப் பிடிக்கக்கூடியவன் பல்லிதான். இது அவளுக்கு நேற்றே தெரியும். தெரிந்ததை எழுதத்தான் ஓர் இரவு தேவைப்பட்டது.

வாஸ்கர் இதை மைதானத்தில் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் சோற்றுப் பானையின் அடியில் மொறுமொறுவென்று ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்தாள். வீட்டில் எல்லோரும் சண்டை போடும் பங்கு அது. மாவுக்கட்டுக் கைக்கு அடியில் பேட்டை இடுக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

வாஸ்கர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“அடிச்சோறா? கெட்ட சேதியா, யுலி?”

“எப்படித் தெரியும்?”

“நல்ல சேதிக்கு இதை யாரும் விட்டுத்தரமாட்டாங்க.”

“நடுக்களத்துல இன்னைக்குப் பல்லி நிக்கிறான்.” அவள் வேகமாகச் சொல்லி முடித்தாள். மெதுவாகச் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும்.

வாஸ்கர் தட்டை வாங்கிக்கொண்டான். ஒரு துண்டைக் கடித்தான். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

“ஆனா நீ கடைசியில அடிக்க வரணும். இந்த பேட்ல.”

“எனக்கு என் பேட் இருக்கு.”

“அது உனக்குப் பத்தலைடா. நேத்து அளந்து பார்த்தேன்.”

“என் பேட்டைத் தொட்டியா?”

“மாவுக்கட்டாலதான் தொட்டேன்.”

அவன் சிரிக்கவில்லை. “நான் வந்தா வருவேன். வராட்டி வரமாட்டேன். நீ போ, மேனேஜரம்மா.”

அவள் பேட்டை வாசல்படியில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் கால் கனத்தது. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியவனுக்குச் செய்கிற காரியமா இது? தெருமுனை வந்ததும் திரும்பிப் பார்த்தாள். தட்டு காலியாக இருந்தது. அதில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

*

அவர்களுடைய மைதானத்தில் புல் கிடையாது. சிவப்பு மண்தான். அதோடு, நடுக்களத்தின் குறுக்கே கரும்பு ரயிலின் தண்டவாளம் போகும். ரயில் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தமாட்டார்கள். நாற்பது பெட்டி கடந்து போகிறவரை நின்றால் ஆட்டம் என்றைக்கு முடிவது? நடுக்களத்துக்காரன் மட்டும் ரயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று முன்னாலேயே முடிவு செய்து தள்ளி நின்றுகொள்ள வேண்டும். அதுதான் ஊர்ச் சட்டம்.

ஊரே மரியாதையாகத் ‘தோனா’ என்று கூப்பிடும் கடைக்கார அம்மா செனெய்தாதான் நடுவர். “சத்தம் போட்டா கடன் கிடையாது!” என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

வாஸ்கர் வரவில்லை.

இரண்டாவது சுற்றில் வந்தான். யாரோடும் பேசாமல் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தான். மடியில் இரண்டு பேட்டும் இருந்தன. யுலேய்சி திரும்பிப் பார்க்காமலே அதைப் பார்த்துக்கொண்டாள்.

நான்காவது சுற்றில் செய்பாவின் குண்டுப் பையன் ஒருவன் பந்தை உயரமாகத் தூக்கினான். தாரியெல் ஓடினான், தண்டவாளத்தைத் தாண்டினான், குப்புற விழுந்தான். எழுந்தபோது முகமெல்லாம் மண். கையுறைக்குள் பந்து.

“பல்லிடா!” என்று முதலில் கத்தியது வாஸ்கர். கத்திய பிறகுதான் தான் கோபமாக இருப்பது நினைவுக்கு வந்ததுபோல வாயை மூடிக்கொண்டான்.

கடைசிச் சுற்று. செய்பா மூன்று, பலோமா இரண்டு. யுலேய்சியின் பலோமா அணிக்கு இன்னும் ஓர் அவுட்தான் மிச்சம். இரண்டாவது பேஸில் ஒருவன் நிற்கிறான். அடுத்து அடிக்க வேண்டியவன் தாரியெல்.

யுலேய்சி அவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “பல்லி, உனக்குப் பதிலா வாஸ்கரை அனுப்பட்டுமா? நீ பிடிச்ச பந்தாலதான் இன்னும் ஆட்டத்துல இருக்கோம்.”

“அப்பாடா,” என்றான் தாரியெல். “அக்கா, எனக்கு ஏற்கெனவே கண்ணு மூடிக்கிச்சு.”

வாஸ்கர் எழுந்தான். தன் சின்ன பேட்டை எடுத்துக்கொண்டு போனான். பெரிய பேட் பெஞ்சிலேயே கிடந்தது. யுலேய்சி அவனைத் தடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லியாயிற்று.

“கொக்குக்குத் தாழ்வாப் போடுடா!” என்று செய்பா மேனேஜர் ஏலியோ கத்தினார்.

முதல் பந்து முழங்காலுக்கு வந்தது. வீசினான். காற்று. இரண்டாவது பந்து. காற்று. இன்னும் ஒன்று தவறினால் எல்லாம் முடிந்தது.

வாஸ்கர் பேட்டைப் பார்த்தான். முழங்காலைப் பார்த்தான். முதல்முறையாக, இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரத்தைப் பார்த்தான்.

“ஒரு நிமிஷம், தோனா செனெய்தா.”

பெஞ்சுக்கு வந்தான். சின்ன பேட்டைத் தாரியெலின் கையில் கொடுத்தான். “பத்திரமா வெச்சுக்கோ.” பெரிய பேட்டை எடுத்தான்.

அப்போதுதான் தூரத்தில் ஹாரன் கேட்டது. யுலேய்சி திடுக்கிட்டாள். அப்பாவின் ரயில் மூன்று மணிக்கே போயிருக்க வேண்டியது. இப்போது மணி நான்கு. ஏன் என்று உடனே புரிந்தது. வெள்ளை மாடு!

செய்பாவின் நடுக்களத்துப் பையன் ரயிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். கரும்பு ஏற்றிய பெட்டிகள் கடகடவென்று மைதானத்தைக் குறுக்கே வெட்டின.

மூன்றாவது பந்து. தாழ்வாக, முழங்காலுக்கு.

டக்!

அது மாப் கட்டையில் கேட்ட அதே சத்தம், பத்து மடங்கு பெரிதாக. பந்து ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று, ரயிலுக்கு நேராக இறங்கியது, காணாமல் போயிற்று.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரயில் போய் முடிந்தது. அந்தப் பக்கம் நின்ற செய்பாப் பையன் இரண்டு கைகளையும் விரித்தான்.

“இங்கே பந்தே வரலை. பெட்டிக்குள்ள விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்.”

“அவன்கிட்ட யாரு கேட்டா?” என்று முணுமுணுத்த ஏலியோ நடுவரிடம் ஓடினார். “தோனா செனெய்தா, இது எப்படி ஹோம் ரன் ஆகும்?”

“வேலியைத் தாண்டிட்டா ஹோம் ரன்தானே? கொஞ்ச நேரம் முன்னாடி அங்கே ரயில்தான் வேலி.”

“வேலி எங்கேயாவது நகருமா?”

“எங்க ஊர்ல நகரும்,” என்றார் செனெய்தா. “பேஸ்ல நின்னவன் ஒண்ணு, அடிச்சவன் ஒண்ணு. நாலுக்கு மூணு. ஆட்டம் முடிஞ்சுது.”

எல்லோரும் வாஸ்கர்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. “யுலி, மாவுக்கட்டைத் தள்ளி வை, மூக்குல இடிக்குது!”

கொஞ்சம் தள்ளி, தாரியெல் சின்ன பேட்டை முழங்காலுக்கு நேராக வைத்து அளந்துகொண்டிருந்தான். “அண்ணே, இது எனக்குச் சரியா இருக்கு.”

குவியலிலிருந்து எழுந்து வந்த வாஸ்கர் அந்தப் பேட்டை ஒருமுறை தடவினான். “அப்போ நீயே வெச்சுக்கடா. ஆனா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அடிக்கணும்.”

*

பொழுது சாயும்போது அப்பா மைதானத்துக்கு வந்தார். முகமெல்லாம் கரி. பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தார். கரும்புச் சாறு பட்டுப் பிசுபிசுவென்றிருந்தது.

“ஆலையில கரும்பைக் கொட்டும்போது உருண்டு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சர்க்கரை ஆகியிருக்கும். யார் அடிச்சது?”

எல்லோரும் வாஸ்கரைக் காட்டினார்கள்.

“ஆலை இங்கேருந்து பதினோரு கிலோமீட்டர்,” என்றார் அப்பா. “இவ்வளவு தூரம் அடிச்சவன் இந்த நாட்டிலேயே கிடையாதுடா.”

வாஸ்கர் பந்தை முகர்ந்து பார்த்தான். நக்கியும் பார்த்தான். யுலேய்சியிடம் நீட்டினான். “காலையில நீ கொடுத்ததுக்கு இது சரியாப் போச்சு. இனிப்பா இருக்கு.”

அவளும் நக்கிப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் மண்ணும் இருந்தது.

“சரி, சரி, பேட்டைக் கொடுங்க,” என்றார் அப்பா. “அந்த மாட்டால ஒரு மணி நேரம் நின்னேன். நாளைக்கும் வந்து படுத்துக்கும்.”

வாஸ்கர் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “அடுத்த ஞாயிறு புல்லுல ஆடணும், மாமா. அதுவரைக்கும்…”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“ஹாரன் அடிங்க!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுவதும் கரும்பு ரயில் பலோமாவைக் கடக்கும்போதெல்லாம் விடாமல் ஹாரன் அடித்தது. வெள்ளை மாடு தண்டவாளத்தில் படுத்து, காதை ஆட்டி ஆட்டி, கடைசி வரை கேட்டு ரசித்தது.