வெங்காயம்தானே?

அணில் தோண்டியெடுத்த கிழங்கைத் தின்னாமல் போட்டுவிட்டுப் போனதுதான் றோசாவுக்கு முதலில் உறுத்தியது. கர்க்லாண்ட் ஊரின் கொழுத்த சாம்பல் அணில்கள் அப்படி விட்டுவைக்கிற சாதி அல்ல. டியூலிப் என்றால் அவற்றுக்கு உயிர். இளவேனிலில் பூக்கட்டும் என்று யார் எதை நட்டாலும் மணந்து பிடித்துத் தின்றுவிட்டு, வாலை ஆட்டியபடி வேலியில் ஏறிவிடும். இன்று பாத்தி முழுவதும் கிளறிக் கிடந்தது. கிழங்குகள் பல்லுப்படாமல் மண்ணின் மேல் கிடந்தன.

நிறைந்துவரும் வயிற்றைப் பிடித்தபடி மெல்லக் குந்தி ஒன்றை எடுத்தாள். அதற்கு இரண்டு தலை இருந்தது.

டியூலிப்புக்கு ஒரு தலைதான், இரட்டைத் தலை டஃபடிலுக்குத்தான். கடையில் அதைப் பார்த்துத்தானே பொறுக்கினாள். தன் அக்கா அல்போன்சம்மாவின் ஆண்டு நினைவுக்கு மஞ்சள் டஃபடில் பூ நடுவோம் என்று கணவன் ஜெராட் கேட்டான். டஃபடில் கிழங்கு நஞ்சு, அணில்கூடத் தொடாது என்று கடைப்பெண்ணும் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னாள். றோசா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றைத் தலைக் கிழங்குகளாக உருட்டிப் பார்த்து எடுத்தாள். டஃபடில் இனி இந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம்.

அதன் காரணம் அவளுக்கும் செத்தவளுக்கும் மட்டுந்தான் தெரியும். போன இலையுதிர்காலத்தில் நடவென வாங்கிய இதே இரட்டைத் தலை டஃபடில் கிழங்குகள் குசினி மேசையில் ஒரு கடதாசிப் பையில் இருந்தன. கண் மங்கிப்போன மச்சாள் அல்போன்சம்மா சம்பல் இடிக்கவென்று பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"றோசா, இது வெங்காயம்தானே?"

அன்று காலைதான் கோயில் வாசலில் சனமெல்லாம் நிற்க, காய்க்காத மரத்துக்கு ஏன் தண்ணி என்று றோசாவைக் காட்டி மச்சாள் சிரித்திருந்தாள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அதே சிரிப்பு. தாயில்லாத ஜெராட்டைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. அந்தச் சிரிப்பையும் தட்டவில்லை.

"ஓம் மச்சாள்," என்றாள் றோசா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு பிடி கிழங்கைச் சம்பலில் மறைக்க முடிந்தது. தனக்கு ஒருசந்தி விரதம் என்று சொல்லி றோசா தட்டைத் தொடவில்லை. வாந்தியெடுத்துத் துவண்ட பிறகுதான் மச்சாளுக்கு, தான் தின்றது வெங்காயம் அல்ல என்று விளங்கியது. றோசாவின் வயிற்றையே பார்த்தபடி, "பொறு, உனக்கும் இடிச்சுத் தாறன்," என்றாள். ஜெராட் வேலையால் வருமுன் அவள் வாய் ஒரேயடியாக அடங்கிவிட்டது. சீனி வருத்தமும் பலவீனமான இதயமும் என்று டாக்டர் முடித்துவிட்டார். றோசாவுக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அதை ஏன் ஒளிப்பது. பேந்து, சில மாதங்களில், காய்க்காத மரம் காய்த்தது.

இப்போது பாத்தி முழுவதையும் கிண்டினாள். எல்லாமே இரட்டைத் தலை. வாளி நிறைய அள்ளிப்போய்க் கராஜில் வைத்துக் கதவைப் பூட்டினாள். குளிர்காலத்துக்குக் கடிகார நேரம் மாற்றிய பிறகு நவம்பரில் பகல் என்று ஒன்று கிடையாது. அவள் கை கழுவி நிமிர்வதற்குள் யன்னல் கறுத்துவிட்டது. வீட்டுச் சூடாக்கி யந்திரம் முனகியது. குசினியில் தேங்காய் துருவிய வாசம் எழுந்தது, காய்ந்த மிளகாயின் காரம் மூக்கைக் கடித்தது, அவற்றுக்கு அடியில் ஈர மண்ணின் குளிர்ந்த மணமும் இருந்தது. அவள் இன்னும் சமையலே தொடங்கவில்லை.

நிலவறையிலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக்.

மச்சாளின் கல்லுரல். செத்தவீடு முடிந்த கையோடு துணியில் சுற்றி மூலைக்குள் தள்ளியது. டொக். குழாயாக இருக்கும். டொக். சூடாக்கியாக இருக்கும்.

கராஜுக்கு ஓடினாள். பூட்டு அப்படியே இருந்தது. வாளி வெறுமையாகக் கிடந்தது.

திரும்பி வந்தபோது நிலவறைப் படிகளில் கிழங்கின் மெல்லிய கபிலத் தோல் உதிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு படியிலும். மேலே ஏறி வரும் வரிசையில்.

சத்தம் நின்றது.

வாசல் கதவு திறந்தது. ஜெராட்தான். கடையில் வாங்கிய புட்டை மேசையில் வைத்தான், நிலவறைப் பக்கம் போனான், ஒரு சட்டிச் சம்பலோடு வந்தான்.

"மேல் படியில இருந்தது. இந்த வயித்தோட ஏன் இடிச்சனீர்?"

அவன் புட்டைச் சம்பலோடு குழைத்தான். ஒரு கவளம் உருட்டினான். பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லி அவள் வாய்க்கு நேரே நீட்டினான். பிறகு முகர்ந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

"ஒரு மாதிரி மணக்குது. இது வெங்காயம்தானே?"

இல்லை என்றால் எப்படித் தெரியும் என்பான். சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை. உள்ளே பிள்ளை உதைத்தது. போகட்டும், இவன் விட்டுப் போனாலும் போகட்டும். சொல்லிவிடுவோம். றோசா வாயைத் திறந்தாள்.

அவனுக்குப் பின்னால் நிலவறைக் கதவு திறந்திருந்தது. அவன் தோளில் ஒரு கை. நகமெல்லாம் மண்.

இல்லை. இல்லை. நாக்கு அசையவில்லை. பிறகு அசைந்தது. அவளுடைய அசைவு அல்ல.

"ஓம் தம்பி," என்றது றோசாவின் வாய். "தீத்திவிடு."

அந்தக் குரலுக்கு ஜெராட்டின் முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல இளகியது. கண் நிறைந்தது. அக்கா சொன்னால் தட்டாதவன். கவளத்தோடு அவன் கை கிட்ட வந்தது. அந்தக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு மண் ஒட்டிய கையும் வந்தது.

றோசா வாயை மூடப் பார்த்தாள். வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.