நாலாவது துடிப்பு

மருத்துவக் கல்லூரியின் பழைய திசு ஆய்வுக்கூடத்துக்கு நான் வேலை மாறி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. உயரமான ஜன்னல்கள், அறை முழுக்க வெயில். ஃபார்மலின் நெடி மட்டும் கண்ணைக் கரித்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க நின்ற ஊழியர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். அவங்களும் இதுலதான் உக்காந்து வேலை பாத்தாங்க."

யார் அவங்க என்று நான் கேட்கவில்லை. என் கணவரின் முதல் மனைவி. எட்டு வருடத்துக்கு முன் ஸ்லைடு தயாரிக்கும் இதே வேலையைப் பார்த்தவள். ஒரு மதியம் இதே முக்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவள். அவள் படுத்த கட்டிலில் நான் படுக்கிறேன். அவள் வாங்கிய பாத்திரங்களில் சமைக்கிறேன். முக்காலி ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் இப்போது கைக்கு வந்துவிட்டது.

செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று எனக்கும் தெரியும். உயிரோடு இருப்பவளாக இருந்தால் பரவாயில்லை. அவளுக்கும் நரை விழும், அவளும் ஒரு நாள் எரிந்து விழுவாள், சமையலில் உப்பைக் கொட்டுவாள். இவள் முப்பத்தோரு வயதில் அழகாக நின்றுவிட்டாள்.

என் நாத்தனார் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

"அண்ணன் அந்த அண்ணி நெஞ்சுல கை வச்சாத்தான் தூங்குவாரு. அவங்களுக்கு மூணு தடவை துடிச்சா நாலாவது விட்டுப்போகுமாம். அதை எண்ணிக்கிட்டே தூங்கிடுவேன்னு சொல்வாரு. சும்மா சொன்னேன் அண்ணி, கோவிச்சுக்காதீங்க."

கோபம் எங்கே வந்தது, வயிறுதான் எரிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடமாக அவர் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார். கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பழகுவது போல என்னிடம் மரியாதையாகப் பழகுவார். அந்தக் கை ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்தால் போதும் என்றுதான் இந்த இரண்டு வருடமும் காத்திருந்தேன்.

அன்று மதியம் அதே கூடத்தில் மாணவர்களுக்கு என் கணவருடைய வகுப்பு. மரப்பெட்டியிலிருந்து மூன்று ஸ்லைடுகளை எடுத்தார். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

"இது கைத் தசை. நீள நீளமான நாரு, குறுக்கே கோடு கோடா இருக்கும். நீங்க மடக்குன்னு நெனச்சா மடக்கும். இது குடல் தசை. கோடு இருக்காது. நீங்க சொல்லவும் வேண்டாம், அதுபாட்டுக்கு வேலை பாக்கும்."

மூன்றாவதைத் தொடும்போது அவர் விரல்கள் மெதுவாயின. கைக்குட்டையால் அதன் ஓரத்தைத் துடைத்தார்.

"இது இதயத் தசை. இதுலயும் கோடு உண்டு. ஆனா நாரெல்லாம் கிளை விட்டு ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்கும். யார் பேச்சையும் கேக்காது. ரெண்டு செல்லை உயிரோட தனித்தனியா வச்சா ஆளுக்கொரு தாளத்துல துடிக்கும். தொட்டுக்க விட்டா ஒரே தாளம்."

"யாரோட தாளம் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எது முந்துதோ அதோடது."

வகுப்பு கலைந்ததும் நான் பெட்டியில் கை வைத்தேன். சாவிக்கொத்துக்காரர் தயங்கினார். "மத்ததை எல்லாம் நீங்க பாத்துக்கலாம் மேடம். அந்த மூணாவதை மட்டும் சார்தான் எடுப்பாரு, சார்தான் வைப்பாரு."

அந்த ஊழியர் டீ குடிக்கப் போகும் வரை பொறுத்தேன். ஸ்லைடின் ஓரத்தில் வைர முனையால் ஓர் எண் கீறியிருந்தது. அதே எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடிப் பிடித்தேன். என் கணவரின் கையெழுத்து. பெண், வயது முப்பத்தொன்று, இதயம், உடல் தானம். பக்கத்தில் இருந்த தேதி, எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் தேதி.

எட்டு வருடமாக வகுப்பு முழுக்கப் பார்க்க அவளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் முகத்தில் வியர்வை வழிந்தால் ஒரு நாள் துடைத்ததுண்டா?

ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தேன். இளஞ்சிவப்பு நார்கள், நடுவே ஊதாப் புள்ளிகள். அங்கேயும் அழகாகத்தான் இருந்தாள்.

நார்கள் சுருங்கின.

கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். தினமும் நான் செய்கிற வேலைதான் இது. சாராயத்தில் ஈரத்தை இழுத்து, மெழுகில் பதித்து, முடியை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டுவோம். அதில் அசைய எதுவும் மிச்சமிருக்காது.

மறுபடி சுருங்கின. மறுபடியும்.

பிறகு ஒரு இடைவெளி.

பிறகு மூன்று முறை.

ஃபார்மலின் நெடி போன இடம் தெரியவில்லை. தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலின் வாசனை. எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இன்றும் போகாத அதே வாசனை.

நான் உட்கார்ந்திருந்த முக்காலி, இன்னொருவர் பாரம் ஏறியதுபோல முனகியது.

"தள்ளி உக்காரு," என்று காதருகே ஒரு குரல் சொன்னது.

பயத்தில் செய்தேன் என்றால் யாராவது மன்னிப்பார்கள். நான் பொறாமையில்தான் செய்தேன். அந்த ஸ்லைடை உருவி, வெறும் விரல்களால் ஒடித்தேன்.

வலது கட்டைவிரலில் சுருக்கென்றது. கழுவினேன், பிழிந்தேன், ரத்தம் நின்றது. ஒடிந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அரிசி அளவுக்கு ஒரு சில்லை மட்டும் காணவில்லை. வேறொரு இதயத் தசை ஸ்லைடில் அதே எண்ணைக் கீறிப் பெட்டியில் செருகினேன். இந்தத் தொழிலில் பொய் சொல்ல ஒரு வைர முனை போதும்.

அடுத்த வகுப்பில் அவர் அதை நெடுநேரம் பார்த்தார். ஓரத்தைத் துடைக்கவில்லை. மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டார். ஒழிந்தாள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அசதியில் படுத்திருந்தேன். அவர் அறைக்குள் வந்தவர் கதவருகே நின்றார். எதையோ முகர்ந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து படுத்தார், சுவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. கையை என் நெஞ்சில் வைத்தார்.

இரண்டு வருடம். எனக்கு அழுகை வந்தது.

அவர் உதடுகள் ஓசையில்லாமல் எண்ணின. நானும் கூடவே எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது வரவில்லை.

அவர் முகம் தளர்ந்தது. நான் இதுவரை பார்த்திராத சிரிப்பு ஒன்று அதில் வந்தது.

"வந்துட்டியா," என்று முணுமுணுத்தபடியே தூங்கிப்போனார்.

நான்தாங்க என்று சொல்ல நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கைத் தசை நாம் நினைத்தால்தான் அசையும் என்று அவரே வகுப்பில் சொல்லியிருந்தார். நான் எதுவும் நினைக்கவில்லை. கண்ணாடி குத்திய என் வலது கை தானாக எழுந்து அவர் தலைமுடியைக் கோதத் தொடங்கியது, எத்தனையோ வருடம் பழகிய கைபோல.

வயிறெரிய அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.